டோவ்றே மலையில் புரட்டாதிச் சனி

1

எங்கள் கட்டிடத்து லிஃப்டுக்குள் புதிதாக ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். பல்கனியில் பறவைகளுக்கு உணவு வைக்கக் கூடாதாம், எலி வருகிறதாம், மீறினால் குடியிருப்புச் சங்கம் நடவடிக்கை எடுக்குமாம். ஒஸ்லோவில், அம்மருட்டில், இந்தக் கட்டிடத்தில் எத்தனையோ நாட்டுச் சனம் இருக்கிறோம். அறிவித்தலில் யாருடைய பெயரும் இல்லை. ஆனால் லிஃப்டில் ஏறுகிறவர்கள் அதை வாசித்துவிட்டு என்னைத்தான் பார்க்கிறார்கள். புரட்டாதி மாதச் சனிக்கிழமைகளில் ஏழாம் மாடிப் பல்கனியில் ஒருத்தி நின்று "கா... கா..." என்று கத்துவது ஊரறிந்த விஷயம்.

இன்றைக்குப் புரட்டாதிச் சனி. விடிய எழும்பி முழுகி, சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம் எல்லாம் ஆக்கி, இலை விரித்து வைத்துவிட்டுக் குந்திக்கொண்டிருக்கிறேன். சனீஸ்வரன் விரதத்தில் அவருடைய வாகனமான காகத்துக்கு வைக்காமல் ஒரு பருக்கை வாயில் போடமாட்டேன். காகமோ எதிரிலுள்ள விளக்குக் கம்பத்தில் இருந்து என் குசினி யன்னலையே பார்க்கிறது. பாவம், அதற்கு அறிவித்தல் வாசிக்கத் தெரியாது.

"கீழை பத்தைக்குள்ளை கொண்டுபோய் வைச்சிட்டு வாருமன்" என்கிறார் இவர்.

இவர் என்றால் என் கணவர். சுரங்க ரயில் ஓட்டுகிறவர். சங்கத்துச் செயலாளர் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறார் என்பதும், சனிக்கிழமை முழுக்க அவருக்கு யன்னலில்தான் வேலை என்பதும் இவருக்கு நன்றாகத் தெரியும். பிடிபட்டால் நான்தானே பிடிபடுவேன் என்ற தைரியம்.

ஊரில் இந்தப் பிரச்சினை வேறுமாதிரி. எங்கள் ஒழுங்கையில் அத்தனை வீட்டிலும் விரதம், அத்தனை வீட்டிலும் காகத்துக்கு அழைப்பு. எங்கள் மதிலுக்கு வரும்போது அதற்கு வயிறு முட்டியிருக்கும். சோற்றைத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடும். அப்பா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எடேய், ஒரு வாய் எண்டாலும் வைச்சிட்டுப் போடா" என்று கெஞ்சுவார். இங்கே காகம் தயார், சோறும் தயார், நடுவில் சங்கம்.

பசி வந்தால் எனக்கு எழுத வரும். போன வருடம் இதே புரட்டாதிச் சனியில் இதைவிடப் பசியோடு டோவ்றே மலையில் நின்றேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று அக்கா ரெலிபோனில் பலமுறை கேட்டும் நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. அக்காவோடு சேர்த்து ஊரில் எல்லோரும் வாசிக்கட்டும்.

2

ஆரணி எங்களுக்கு ஒரே பிள்ளை. ஒஸ்லோவில் பிறந்தவள். போன வருடம் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். புள்ளிகள் நல்லது, மருத்துவத்துக்குக் காணும் என்று ஆசிரியையே சொன்னார். கோயிலடியில் நாலு பேர் என்னை "டொக்டரின்ரை அம்மா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்வேனா?

அப்படி இருக்கும்போது ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இடியப்பத்துக்குச் சொதியை விட்டுக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, ஸ்கூல் முடிய நான் ஒரு வருசம் வடக்கை போகப்போறன். நாய்வண்டி ஓட்டப் படிக்க."

இந்த நாட்டில் அப்படியும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. ஒரு வருடம் அங்கேயே தங்கிப் படிக்கலாம். சோதினை இல்லை, புள்ளி இல்லை. ஒன்றில் பாட்டு, ஒன்றில் நெசவு, ஒன்றில் பனியில் நாய்கள் பூட்டிய வண்டி. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தலையைக் கொஞ்சம் காற்றாட விடுவதற்குப் போவார்கள்.

"மெடிசின் கிடைக்கிற மார்க்ஸை வைச்சுக்கொண்டு நாயை மேய்க்கப் போறியோ? விசரே உனக்கு?"

"அப்பாவும் அப்பிடி ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தானே நோர்வேக்கு வந்தவர்!"

அது உண்மை. எண்பதுகளில் எங்கள் பெடியள் கனபேர் இந்த நாட்டுக்கு வந்தது அந்தப் பள்ளிக்கூடங்களில் இடம் எடுத்துத்தான். இவருக்குக் கிடைத்தது நெசவு. ஒரு வருடம் முழுக்க நெய்து ஒரு கம்பளிப் போர்வை முடித்தார். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். இவ்வளவு காலமும் எங்கள் அலுமாரியில்தான் இருந்தது.

"நான் படிக்க வரேல்லைப் பிள்ளை, விசாவுக்கு வந்தனான்" என்றார் இவர். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உன்ரை அப்பா ஒரு வருசம் எண்டுதான் வந்தவர். திரும்பிப் போனவரோ எண்டு கேள்" என்றேன்.

என் பயம் அதுதான். நாயும் அல்ல, மருத்துவமும் அல்ல. ஒரு வருடம் என்று போன ஒருவரும் திரும்பி வந்ததை நான் காணவில்லை. இவர் போகவில்லை, நான் போகவில்லை. வீட்டில் ஏற்கெனவே பிள்ளை "ஓம்", "இல்லை" என்று இரண்டு சொல்லில் தமிழை முடித்துக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். வடக்கே போய் ஒரு வருடம் நாய்களோடு நோர்வேஜிய மொழி கதைத்தால் அந்த இரண்டு சொல்லும் மிஞ்சுமா?

ஆரணி கெட்டிக்காரி. சண்டை பிடிக்கவில்லை, பேரம் பேசினாள்.

"இலையுதிர்கால லீவிலை நீங்கள் ரெண்டு பேரும் என்னோடை மலைக்கு வாங்கோ. தெல்த்திலை படுப்பம். மொஸ்குஸ் காட்டுறன், காட்டாட்டில் நான் தோத்தன். வந்து பாத்தும் வேண்டாம் எண்டு சொன்னால், சத்தியமா நேரை மெடிசினுக்கு எழுதிப்போடுறன்."

தெல்த் என்றால் கூடாரம். மொஸ்குஸ் என்பது ஒரு காட்டு எருது. தரையில் உரசும் மயிரோடு பனிக்காலத்திலும் மலையில் நிற்குமாம். டோவ்றே மலைப் பூங்காவில்தான் காணலாம். நான் உடனே சம்மதித்தேன். வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குளிரில் ஒருநாள் படுத்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு என்ன கஷ்டம்?

உண்மையில் இத்தனை வருடத்தில் நான் ஒரு மலையும் ஏறியதில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் திங்கட்கிழமை என்றால் எல்லோரும் எல்லோரையும் கேட்பார்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கே நடக்கப் போனாய் என்று. காடு, ஏரி, மலை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருமுறை நானும் விட்டுக்கொடுக்காமல், "ஸ்ட்ரோம்மன் போனேன், நாலு மணித்தியாலம் நடந்தேன்" என்றேன். ஸ்ட்ரோம்மனில் இருப்பது பெரிய கடைத்தொகுதி. அந்தச் சிரிப்பு அடங்கக் கோப்பி இடைவேளை முடிந்துவிட்டது.

3

மலைக்குப் போகும் செய்தியை அக்காவுக்குச் சொன்னேன். அக்கா கிளிநொச்சியில். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட நேரம் வன்னிக்குப் போய் மாதக்கணக்காக மரங்களுக்குக் கீழே கூடாரத்தில் இருந்தவள். சமாதானக் காலம் என்று கல்வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, காசு குடுத்துத் தறப்பாளுக்குக் கீழை படுக்கப் போறியளோ?"

"ஓம் அக்கா."

"வீடு வாசல் இருக்கேக்கையோ?"

"ஓம்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப நான் சொல்லுறதைக் கேள். தறப்பாளைச் சுத்தி வாய்க்கால் வெட்டு. மழை வந்தால் அதுதான் காப்பாத்தும். சமையல் சாமானை உயரத்திலை கட்டு" என்றாள். நோர்வேயில் விற்கும் எந்தக் கூடாரப் புத்தகத்திலும் இவ்வளவு நல்ல ஆலோசனை இருக்காது. நான் அதைக் கேட்டிருக்க வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

புறப்படும்போதுதான் சனிக்கிழமை விரதம் ஞாபகம் வந்தது.

"அங்கை காகம் இருக்குமோ?" என்று இவரைக் கேட்டேன்.

"காகம் இல்லாத நாடு எங்கை இருக்கு? வாரும்."

நம்பி வந்தேன். காரில் பெரிய பானை, சட்டி மூன்று, தேங்காய்ப்பால் ரின், கடுகு, செத்தல் மிளகாய், வாழையிலைக் கட்டு, அப்பளப் பெட்டி, சின்னச் சனீஸ்வரன் படம், எள்ளெண்ணெய். எல்லாவற்றுக்கும் மேலே இவர் நெய்த கோணல் போர்வை. ஆரணி தன் பக்கத்துக்கு ஒரு முதுகுப்பை மட்டும் கொண்டுவந்தாள். காரின் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, நாங்கள் மூண்டு பேர்தான் போறம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். ஊரிலுள்ளவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது? மலை அடிவாரம் முழுக்க மஞ்சள். மரமெல்லாம் மஞ்சள் இலை. அதற்கு மேலே முழங்கால் உயரப் புதர்கள், எல்லாம் சிவப்பு. அதற்கும் மேலே பாறை, பாறைக்கு மேலே புதுப் பனி. கோயில் கொடியேற்றத்துக்குச் சனம் முழுக்கப் புதுச்சேலை கட்டி வந்து நின்றது போல. எனக்கு வாய் திறந்தபடி நின்றது. வேண்டாம் என்று சொல்லத்தானே வந்தாய், வாயை மூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூடாரம் போடும் இடத்து அலுவலகப் பெண் எங்கள் பெயரைக் கேட்டாள். இவர் முழுப் பெயரைச் சொன்னார். அவள் கணினியில் தட்டித் தட்டிப் பார்த்து, இடம் காணாது என்று கடைசிப் பாதியை விட்டுவிட்டாள். நோர்வேயில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் இவர் பாதிப் பெயரோடுதான் வெளியே வருவார். மீதிப் பாதிகளை எல்லாம் சேர்த்தால் இன்னொரு ஆளே வந்துவிடும்.

கூடாரத்தை ஆரணி ஒற்றை ஆளாகப் போட்டாள். கம்பிகளைக் கோர்த்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத் திருப்பி, ஆணி அடித்து, கயிறு இழுத்து. வீட்டில் கட்டில் விரிப்பை மடிக்கச் சொன்னால் ஒரு மாதம் எடுப்பவள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு ஒரு புள்ளி கூடிவிடும்.

4

சனி விடியப் புல்லெல்லாம் உறைபனி. அங்கே பொதுச் சமையலறை ஒன்று உண்டு. குளியலறையில் சுடுதண்ணீரில் முழுகிவிட்டு வந்து அதில் சமைத்தேன். கடுகு வெடித்ததும் காலைப் பாணுக்குச் சீஸ் வெட்டிக்கொண்டிருந்த நோர்வேஜியர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஓர் உயரமான கிழவர் வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஓர் அப்பளம் பொரித்துக் கொடுத்தேன். கடித்துவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

மூன்று பேருக்குச் சாப்பாட்டை வாழையிலையில் பார்சலாகக் கட்டினேன். மிச்சச் சோறு கறியைப் பானையோடும், அப்பளத்தைப் பையோடும் கூடாரத்தின் முன்பக்கத்தில் வைத்தேன். இவர் தன் ஈரக் காலுறை காயட்டும் என்று கூடாரத்துக் கதவைக் கொஞ்சம் திறந்தபடி விட்டார். அக்கா சொன்னதை நான் மறந்துவிட்டேன்.

ஏறத் தொடங்கினோம். இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லவேண்டும். ஒஸ்லோவில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பத்து வருடமானாலும் முகம் பார்க்கமாட்டார். மலையில் எதிரே வருகிற அத்தனை பேரும் "ஹெய் ஹெய்" என்கிறார்கள்! எனக்குப் பெரிய சந்தோஷமாகப் போயிற்று. ஒவ்வொருவரையும் நிறுத்தி எங்கிருந்து வருகிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று விசாரித்தேன்.

"அம்மா, 'ஹெய்' எண்டால் 'ஹெய்'தான். அவையை நிப்பாட்டாதேங்கோ!"

"நிண்டு பதில் சொல்லுகினம்தானே?"

ஒருவர் நாங்கள் இலங்கை என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, நோர்வே அரசாங்கம் அங்கே செய்துவைக்கும் சமாதானம் சரிவருமா என்று இவரிடம் கேட்டார். சமாதானப் பேச்சு தொடங்கியதில் இருந்து நோர்வேஜியர் எல்லோருக்கும் எங்கள் நாடு தெரியும். இவர் வானத்தை ஒருமுறை பார்த்தார். "இப்ப வெயில் எறிக்குது, பாப்பம்" என்றார். அவரும் மேலே பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஆரணி கதைக்கத் தொடங்கினாள். தமிழில், முழு வசனத்தில். "அம்மா, உந்தக் கல்லிலை கால் வையாதேங்கோ, வழுக்கும்." "அப்பா, அங்கை பாருங்கோ, அந்தப் பறவை பாதி வெள்ளையாயிட்டுது, பனிக்கு முதல் உடுப்பு மாத்துது." ஓர் ஓடை குறுக்கே வந்தபோது கையை நீட்டி, "கையைத் தாங்கோ" என்றாள். எலி போன்ற ஒன்று என் சப்பாத்தைப் பார்த்துக் கீச்சென்று கத்திச் சண்டைக்கு வந்தது. பெருவிரல் அளவு இருந்துகொண்டு என்ன துணிச்சல்! நாங்கள் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வீட்டில் நாங்கள் மூவரும் ஒன்றாகச் சிரித்து எவ்வளவோ காலம்.

மத்தியானம் ஒரு பாறையடியில் இருந்தோம். நான் பார்சலைப் பிரித்து, இலையில் ஒரு துண்டு கிழித்து, எல்லாக் கறியும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துப் பாறைமேல் ஏறி நின்றேன்.

"கா... கா... கா..."

ஒன்றுமில்லை. காற்று மட்டும்.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"தெரியாதோ? புரட்டாதிச் சனி."

ஆரணி எழுந்து வந்தாள். முகம் மாறியிருந்தது. "இஞ்சை சாப்பாடு வைக்கக்கூடாது அம்மா. மேலை வெள்ளை நரி இருக்கு, கொஞ்சம்தான் மிச்சம். ஆக்கள் சாப்பாடு போட்டால் கீழை இருக்கிற சிவப்பு நரியும் காகமும் மேலை வந்திடும். வந்தால் வெள்ளை நரியை இருக்க விடாது. காகம் இஞ்சை வரக்கூடாதெண்டு எல்லாரும் பாடுபடுகினம், நீங்கள் பாறையிலை ஏறி நிண்டு கூப்பிடுறியள்!"

"ஒரு பிடி சோறு பிள்ளை."

"எல்லாரும் ஒரு பிடி எண்டுதான் போடுறவை."

"அப்ப நான் சாப்பிடமாட்டன்."

"அப்ப நானும் சாப்பிடமாட்டன்."

இவர் இலையில் வைத்த கையை எடுத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "தாயும் மகளும் ஒரே அச்சு. நடுவிலை நான் என்ன பாவம் செய்தனான்?" என்றார். பார்சல்களை மீண்டும் கட்டினோம். இவர் சலம் கழிக்கப் போவதாகச் சொல்லி ஒரு பாறைக்குப் பின்னால் போனார். அங்கிருந்து பிஸ்கற் கடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

எனக்குக் கோபம். பசியும் கோபமும் ஒன்றாக வந்தால் என்னை யாரும் பிடிக்க முடியாது. சரி, முடிந்தது, மருத்துவம்தான் என்று மனதுக்குள் முடிவுகட்டிக்கொண்டு நடந்தேன். ஆனால் இன்னொரு பக்கம், அவள் சொன்னது நியாயம் என்று புத்தி சொல்லிக்கொண்டே வந்தது. அதுதான் கூடக் கோபம்.

அப்போது மேலிருந்து ஒரு சோடி இறங்கி வந்தது. அடுத்த மேட்டுக்கு அப்பால் மொஸ்குஸ் கூட்டம் ஒன்று நிற்கிறது, கன்றும் உண்டு, போங்கள் என்றார்கள். ஆரணியின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அவளுடைய சின்ன வயதுப் பிறந்தநாட்களில்தான் பார்த்திருக்கிறேன். அவளுடைய பேரம் முழுக்க அந்த மேட்டுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தது.

வேகமாக நடந்தோம். பாதி மேடு ஏறியிருப்போம். பள்ளத்தாக்கில் இருந்து வெள்ளையாக ஏதோ ஏறி வந்தது. மூடுபனி. முதலில் ஆறு மறைந்தது, பிறகு மஞ்சள் மரங்கள். ஆரணி நின்றாள். வரைபடத்தைப் பார்த்தாள், திசைகாட்டியைப் பார்த்தாள், பிறகு என் கால்களைப் பார்த்தாள்.

"திரும்புவம்" என்றாள்.

"என்ன? உந்தா, உந்த மேடுதானே! நான் நடப்பன்" என்றேன்.

"இல்லை அம்மா."

"பிள்ளை, மொஸ்குஸ் காட்டாட்டில் நீ தோத்தாய், தெரியும்தானே?"

"தெரியும். திரும்புங்கோ."

குரலை உயர்த்தவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. எங்களை முன்னே பார்த்து நடக்கச் சொல்லி, ஒவ்வொரு அடையாளக் கல்லாகக் கண்டுபிடித்து, எங்களைக் கீழே இறக்கினாள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். மேடும் இல்லை, மலையும் இல்லை, எல்லாம் வெள்ளை. எனக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. வழுக்கும் என்று திட்டுவாள் என்று பேசாமல் நடந்தேன்.

5

கூடாரத்தடியில் மூடுபனி இல்லை. நூறு மீற்றர் தூரத்தில் வரும்போதே ஏதோ சத்தம் கேட்டது. பானை உருளும் சத்தம்.

காகம் அல்ல, அண்டங்காகம்! கோழியைவிடப் பெரிது, கன்னங்கரேலென்று, இரண்டு. ஒன்று எங்கள் கூடாரத்துக்கு வெளியே உருண்டு கிடந்த பானைக்குள் தலையை விட்டிருந்தது. மற்றது அப்பளப் பையைக் கிழித்து, புல்லெல்லாம் அப்பளம் பரப்பி வைத்திருந்தது. எங்களைக் கண்டதும் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவசரப்படவில்லை. நல்ல முழு அப்பளமாக ஒன்றைத் தெரிந்து எடுத்து அலகில் கவ்விக்கொண்டு எழுந்து பறந்தது. மஞ்சள் மரங்களுக்கு மேலாக வட்டமான அப்பளத்தோடு அது போன அழகை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஆரணி தலையில் கை வைத்தாள். "ஐயோ, என்ரை பிழை! நான்தான் தெல்த்தைப் பாத்திருக்கவேணும். சாப்பாட்டைக் காருக்குள்ளை வைச்சிருக்கவேணும்!"

இவர் தன் காலுறையை மெல்ல எடுத்துப் பைக்குள் ஒளித்தார்.

எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. "காகம் சாப்பிட்டுட்டுது!" என்று கத்தினேன். "எடியே, காகம் சாப்பிட்டுட்டுது! நாங்கள் வைக்கேல்லை, அதுவா வந்து எடுத்துட்டுது! பானையோடை! இப்பிடி ஊரிலையும் ஒருநாளும் சாப்பிட்டதில்லை!"

ஆரணி என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், உருண்டு கிடந்த பானையைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து, கண்ணில் நீர் வந்து, புல்லில் இருந்துவிட்டாள். "அம்மா, இது உங்கடை காகம் இல்லை, ராவ்ன்" என்றாள். "எல்லாம் சொந்தக்காரர்தான்" என்றேன். அப்பளம் தின்ற உயரக் கிழவர் பக்கத்துக் கூடாரத்தில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

கோணல் போர்வையைப் புல்லில் விரித்து, மலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த பார்சல்களைப் பிரித்தோம். சோறு குளிர்ந்துபோய்க் கட்டியாக இருந்தது. அவ்வளவு ருசியான விரதச் சாப்பாடு நான் சாப்பிட்டதே இல்லை. ஆரணி விரலை நக்கி, "இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் இருக்கோ?" என்றாள். சாப்பிட்டு முடிய ஒரு பருக்கை விடாமல் புல்லில் பொறுக்கினாள், அப்பளத் துண்டு முழுவதையும். நானும் குனிந்து அவளோடு பொறுக்கினேன்.

பேரத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அவள் தோற்றவள் போல அமைதியாக இருந்தாள். வாக்குத் தவறுகிற பிள்ளை அல்ல. வீட்டுக்குப் போனதும் மருத்துவத்துக்கு எழுதிப்போடுவாள் என்று எனக்குத் தெரியும்.

6

ஞாயிறு காலை கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். பிரதான வீதியில் கொஞ்சத் தூரம் போனதும், "நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!" என்று நான்தான் கத்தினேன். இவர் பயந்து காரை ஓரங்கட்டினார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், சிவப்புப் புதர்களுக்கு நடுவில், ஒரு பெரிய கறுத்தப் பாறை. பாறை தலையைத் திருப்பியது.

"மொஸ்குஸ்..." என்றாள் ஆரணி.

ஒன்று அல்ல, பின்னால் இன்னும் நாலு. மயிர் நிலத்தில் உரச, கொம்பு கன்னத்தோடு வளைந்து இறங்க, காலைக் குளிரில் மூச்சு புகையாக வர, அசையாமல் நின்றன. ஒரு கன்று தாயின் மயிருக்குள் இருந்து தலையை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. இவர் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தபடி, "எங்கடை எருமைதான். இஞ்சை வந்து குளிருக்குக் கம்பளி போத்துக்கொண்டு நிக்குது" என்றார். ஆரணி அழுதுகொண்டே சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு ஒரு வீதியோரத்தில் நிற்பேன் என்று யார் நினைத்தார்கள்.

காருக்குள் ஏறியதும் அவள் பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள், "பேரத்துக்கு இது கணக்கில்லை அம்மா. நான் காட்டேல்லை, நீங்கள்தான் கண்டனீங்கள்."

கார் கொஞ்சத் தூரம் போனதும் நான் கேட்டேன், "அந்த நாய்ப் பள்ளிக்கூடத்திலை குளிருக்கு என்ன உடுப்புக் கொண்டுபோக வேணும்?"

இவர் திருப்பத்தைத் தவறவிட்டார். ஆரணி முன் இருக்கையோடு சேர்த்து என் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள்.

"ஏன் அம்மா? ஏன் ஓம் எண்டுறியள்?"

"நீ நேற்று அந்த மேட்டிலை நிண்டு திரும்புவம் எண்டாயெல்லோ. எனக்கும் அப்பாவுக்கும் அது ஒருநாளும் வரேல்லை. உனக்கு வருகுது. நீ போயிட்டு வா."

7

எழுதிக்கொண்டிருக்கும்போதே ரெலிபோன் அடித்தது. வடக்கிலிருந்து ஆரணி. ஓகஸ்டில் இருந்து அங்கேதான். பின்னணியில் ஊர்ப்பட்ட நாய்களின் குரைப்பு.

"அம்மா, இண்டைக்குப் புரட்டாதிச் சனிதானே?"

எனக்கு நம்ப முடியவில்லை. நான் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லையாம். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தமிழ்க் கலண்டரைப் பையுக்குள்ளை வைச்சு விட்டது நீங்கள்தானே. சாப்பிட்டிட்டியளோ?"

"எங்கை சாப்பிடுறது! பல்கனியிலை வைக்கக்கூடாதெண்டு சங்கம் ஒட்டிப்போட்டுது. இலை விரிச்சபடி கிடக்கு."

"அப்ப கேளுங்கோ. நாயளுக்குச் சாப்பாடு குடுக்கேக்கை என்ரை பாணை வேலியிலை வைச்சனான். ஒரு ராவ்ன் வந்து முழுசாத் தூக்கிக்கொண்டு போட்டுது! நான் அதுக்கெண்டு வைக்கேல்லை அம்மா, அதுவா வந்து எடுத்தது. காகம் சாப்பிட்டுட்டுது. நீங்கள் இனிச் சாப்பிடுங்கோ."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப நீ என்ன சாப்பிட்டனி?"

"ஒண்டுமில்லை, என்ரை பாணைத்தானே அது கொண்டுபோட்டுது!" என்று சிரித்தாள். கிச்சினுக்குள் போய் எடுக்கப்போகிறாளாம். நத்தார் லீவுக்கு வருகிறாளாம், கத்தரிக்காய்ப் பால்கறி வேண்டுமாம், அப்பாவின் கோணல் போர்வையைத் தன்னுடைய நாய் ஒன்று சொந்தமாக்கிவிட்டதாம். எல்லாம் தமிழில், முழு வசனத்தில்.

ரெலிபோனை வைத்துவிட்டு யன்னலடிக்குப் போனேன். அம்மருட்டுக் காகம் இன்னும் கம்பத்தில் இருந்தது. "உன்ரை பங்கு வடக்கை போட்டுது, நீ போ" என்று அதற்குச் சொல்லிவிட்டு, இவரைக் கூப்பிட்டு, இலைக்கு முன்னால் இருந்தேன்.